வழியும் நீருக்கு ஒரு வழி

பண்டாரவளையிலோ பதுளையிலோ ஒரு கடைக்குள் போய், மரக்கறித் தோட்டத்துக்குத் தண்ணீர் ஏற்ற மோட்டர் வேண்டும் என்றால், "அரை எச்பியா, ஒரு எச்பியா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். சமதரையில் அந்தக் கேள்வி போதும். ஊவாவின் சரிவுகளில் அதற்கு முன்னால் வேறு மூன்று கேள்விகள் நிற்கின்றன. தண்ணீர் எங்கே சேர்கிறது? அங்கிருந்து எவ்வளவு உயரம் ஏற வேண்டும்? ஏற்றியது போக மிஞ்சுவது எந்த வழியாக இறங்கும்? முதல் இரண்டையும் அனுபவமுள்ள குழாய் வேலைக்காரர் கேட்டுவிடுவார். மூன்றாவதைக் கேட்பவர் அரிது. மீரியபெத்தவை மறக்காதவர்களுக்கு அந்த மூன்றாவதுதான் முதற்கேள்வி.

2014 ஒக்டோபர் 29 காலை ஏழரை மணி வாக்கில், கொஸ்லந்தைக்கு மேலே உள்ள மீரியபெத்தத் தோட்டத்தில் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களின் மீது மலை இறங்கியது. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் பிழைத்தார்கள். திரும்பி வந்தபோது வீடும் இல்லை, வீட்டில் விட்டுப்போனவர்களும் இல்லை என்றான பிள்ளைகள் அவர்களுக்குள் இருந்தார்கள். மண்ணுக்குள் போனவர்களில் பலருடைய உடல் கடைசிவரை கிடைக்கவே இல்லை. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005-இலும் 2011-இலும் எச்சரித்திருந்தது. எழுந்து போகச் சொன்னார்கள். எழுந்து எங்கே போவது? லயம் தோட்டத்துக்குச் சொந்தம். நான்கு தலைமுறை அதில் பிறந்து வளர்ந்திருந்தாலும் ஒரு காம்பராவின் சுவர்கூட அவர்கள் பெயரில் இல்லை. தனக்கென்று நிலமில்லாதவனிடம் "இடம் மாறு" என்று சொல்வது அரை வாக்கியம். மற்ற அரையைச் சொல்ல வேண்டியவர்கள் ஒன்பது வருடம் பேசாமல் இருந்தார்கள்.

அன்று மலையைத் தள்ளியது எது? அந்தச் சரிவு, முன்னொரு காலத்தில் மேலிருந்து வந்து குவிந்த மண்ணும் கல்லும் சேர்ந்தது. இறுகிய பாறையல்ல. அப்படிப்பட்ட மண்ணில் மழை நாட்கணக்கில் இறங்கும்போது துகள்களுக்கு நடுவே உள்ள இடமெல்லாம் நீர் நிறைகிறது. நீரின் எடை மண்ணைக் கீழே இழுக்கிறது. நீரின் அழுத்தம் துகளைத் துகளிலிருந்து விலக்குகிறது. மண்ணை மண்ணோடு பிடித்துவைத்திருந்த உராய்வு ஒரு கட்டத்தில் தோற்றுவிடுகிறது. வெளியே போக வழி கிடைக்காமல் உள்ளே தங்கிய மழைதான் மலையைக் கொண்டு வந்தது. இந்த ஒரு வாக்கியத்தை மனதில் வைத்துக்கொண்டுதான் இந்த மலையில் மழைநீரைச் சேமிப்பதைப் பற்றிப் பேச வேண்டும்.

பேசாமல் இருக்கவும் முடியாது. பிழைத்தவர்கள் பழைய தேயிலைத் தொழிற்சாலைக் கட்டடத்தில் கிடந்து, இரண்டு வருடம் கழித்து, 2016-இல், பூனாகலைப் பக்கம் மக்கல்தெனியவில் கட்டிய 75 வீடுகளுக்குப் போனார்கள். அந்த ஆண்டுகளில் மலையகமெங்கும் எழுந்த தனி வீடுகளுக்கு ஏழு பேர்ச் காணி என்பது வழக்கமாக இருந்தது. ஏழு பேர்ச் என்றால் 177 சதுர மீற்றர். 550 சதுர அடி வீடு அதில் ஏறக்குறைய 50 சதுர மீற்றரை எடுத்துக்கொள்ளும். படி, பாதை, கழிவறை, மண்ணணை எல்லாம் போக, வெயில் விழுகிற ஒரு துண்டு மிஞ்சும். லயத்து வாசலில் நாலு மிளகாய்ச் செடி வைத்திருந்தவர்களுக்கு அந்தத் துண்டு பெரிய நிலம். 2021-இல் இரசாயன உரத்தை ஒரே அறிவிப்பில் தடை செய்தார்கள். அடுத்த வருடம் நாடே எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்றது. வீட்டுத் தோட்டம் போடச் சொல்லி அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை கொடுத்தார்கள். கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு அப்படி ஒரு வெள்ளிக்கிழமை கிடைக்கவில்லை. அவள் அந்தத் துண்டு நிலத்தில் வேலை முடிந்து வந்த மாலைகளில் போஞ்சியும் கீரையும் வைத்தாள். ஒரு நாள் சம்பளம் 1,000 ரூபாய் என்று ஆகியிருந்த காலத்தில், கொல்லையிலிருந்து வந்த ஒரு பிடி கீரையும் கணக்கில் சேர்ந்தது.

ஊவாவின் மழை ஒரு சீராகப் பெய்வதில்லை. ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை கொட்டும். ஆடி ஆவணியில் மேற்கு மலைகளைத் தாண்டி வரும் காற்று ஈரத்தை அந்தப் பக்கத்திலேயே இறக்கிவிட்டு, காய்ந்த காற்றாக இங்கே வீசும். உலகச் சந்தையில் ஊவாத் தேயிலைக்குத் தனிப் பெயர் வாங்கிக் கொடுத்தது இந்தக் காற்றுதான். ஜூலை முதல் செப்டெம்பர் வரை அது இலையை வாட்டி எடுப்பதால் வரும் மணத்துக்கு ஏலத்தில் தனி விலை. அதே காற்று, அதே மாதங்களில், அந்த இலையைப் பறிப்பவளின் கீரைப்பாத்தியைக் கருக்கிவிடும். பீலியில் தண்ணீர் நூலாக விழும். குடிக்கவும் குளிக்கவும் போகப் பாத்திக்கு மிஞ்சாது. மழைநீரைப் பிடித்து வைக்க வேண்டும் என்ற எண்ணம் இங்கே யாரும் கற்பித்து வந்ததல்ல. தகரக் கூரையின் ஓரத்தில் வாளி வைக்காத லயம் ஒன்றும் இருந்ததில்லை.

இலங்கையில் வீட்டுக் கூரை மழைநீர்ச் சேமிப்பு ஒரு திட்டமாக எழுந்ததும் இந்தப் பதுளை மாவட்டத்தையும் சேர்த்துத்தான். உலக வங்கியின் உதவியோடு நடந்த சமூக நீர் வழங்கல் திட்டம், 1995-ஐ ஒட்டி, பதுளையிலும் மாத்தறையிலும் குழாய் நீர் எட்டாத மேட்டு வீடுகளுக்கு 5,000 லீற்றர் தாங்கிகளைக் கட்டிக் கொடுத்தது. நிலத்துக்கு மேலே கம்பி வலையும் சீமெந்தும் கொண்டு கட்டியது ஒரு வகை. நிலத்துக்குள் செங்கல்லில் குவிமாடமாகக் கட்டியது இன்னொரு வகை. 2005-இல் மழைநீருக்கென்று தேசியக் கொள்கை ஒன்று வந்தது. அந்த 5,000 லீற்றர் என்ற அளவை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அதற்கு இந்த மலையில் இன்னோர் அர்த்தமும் இருக்கிறது.

இனிக் கணக்கு. ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒரு லீற்றர். 50 சதுர மீற்றர்க் கூரையில் ஒரு மில்லிமீற்றருக்கு 50 லீற்றர். முதல் மழையின் முதல் 50 லீற்றர் கூரையின் தூசியையும் இலையையும் பறவை எச்சத்தையும் கழுவி வரும். அதைத் தாங்கிக்கு விடாமல் வெளியே தள்ளுவதற்குக் கீழ்நோக்கி ஒரு துண்டுக் குழாயும் மூடியும் போதும். காற்றுக் காலத்தில் ஒரு சதுர மீற்றர்ப் பாத்தி நாளொன்றுக்கு நாலைந்து லீற்றர் குடிக்கும். 40 சதுர மீற்றரில் மரக்கறி போட்டால் நாளுக்கு 180 லீற்றர். 5,000 லீற்றர்த் தாங்கி நான்கு வாரத்தில் வறண்டுவிடும். மூன்று மாத வறட்சியைத் தாண்ட 16,000 லீற்றருக்கு மேல் வேண்டும். எந்தப் பம்பும் இல்லாத தண்ணீரைத் தராது. பாத்தியைப் பத்துச் சதுர மீற்றராகச் சுருக்கினால் நாளுக்கு 45 லீற்றர் போதும். அதே தாங்கி மூன்று மாதத்தையும் தாண்டி நிற்கும். மழைக் காலத்தில் நிலம் முழுக்கப் பயிர் வைப்பது, காற்றுக் காலத்தில் மிளகாயும் கீரையுமாகப் பத்து மீற்றரை மட்டும் காப்பாற்றுவது, பாத்தியை இலைதழையால் மூடி வைப்பது. மோட்டர் வாங்குவதற்கு முன்பே எடுக்க வேண்டிய முடிவு இது.

நாற்பத்தைந்து லீற்றருக்கு மோட்டர் எதற்கு, பூவாளியில் தூக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. கேட்பவர்கள் பெரும்பாலும் தூக்குபவர்கள் அல்ல. நாள் முழுக்க மலையேறி, முதுகில் கொழுந்துக் கூடை சுமந்து, மாலையில் நிறுவைக்கு நின்று, வீட்டுக்கு வந்து அடுப்பு மூட்டுகிறவள், அதற்கு மேல் 45 கிலோ தண்ணீரைப் படியேற்ற வேண்டும் என்று எந்த நியாயமும் இல்லை. இந்தச் சின்ன இயந்திரம் அவளுடைய முதுகுக்குக் கொடுக்கிற ஓய்வே அதை வாங்குவதற்குப் போதுமான காரணம்.

தோட்டம் தாங்கிக்குக் கீழே இருக்கிறதா, மேலே இருக்கிறதா என்பதை அடுத்துப் பார்க்க வேண்டும். கீழே என்றால் மலையே பம்பு. பத்து மீற்றர் இறக்கம் ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம் தரும். ஐந்து மீற்றர் இறக்கம் அதில் பாதி. நகரத்துக் கடையில் விற்கும் சொட்டு நீர்க் குழாய்களில் பல ஒரு வளிமண்டல அழுத்தத்தை எதிர்பார்ப்பவை. தாழ்ந்த அழுத்தத்தில் இயங்கும் வகையைக் கேட்டு வாங்கினாலோ, குழாயில் சின்னச் சின்னத் துளையிட்டுப் பாத்திக்குள் விட்டாலோ, மின்சாரமே இல்லாமல் கீழ்த்தட்டுப் பாத்தி நனைந்துவிடும். ஆகவே இடம் கிடைக்குமானால் கூரைத் தண்ணீரைப் பிடிக்கும் தாங்கியை வீட்டுச் சுவரை ஒட்டி உயரத்தில் வைத்து, பாத்தியைப் பணிய அமைப்பதே நல்லது.

ஆனால் மலையை வெட்டிச் சமப்படுத்திய வீட்டு நிலத்தில் பின்னால் மேடு, முன்னால் அடுத்த வீட்டின் கூரை. வெயில் விழுகிற இடம் பல வீடுகளுக்குப் பின்மேட்டில்தான். அப்போது மோட்டர் வேண்டும். தேவைப்படுவது எத்தனை எச்பி என்பதை உயரம்தான் சொல்லும். தாங்கியின் அடிமட்டத்திலிருந்து பாத்தியின் மேல்விளிம்புவரை செங்குத்தாக எத்தனை மீற்றர் என்று அளக்க வேண்டும். சரிவில் நடந்து போகும் தூரம் வேறு கணக்கு. நிறமூட்டிய தண்ணீர் நிரப்பிய நீளமான ஒளி ஊடுருவும் குழாய் ஒன்றும் அளவுகோலும் இருந்தால், கொத்தனார் மட்டம் பார்ப்பது போலப் படிப்படியாக அளந்துவிடலாம். எட்டு மீற்றர் வந்தால், அதோடு குழாயின் உராய்வையும், முனையில் தண்ணீர் பாய வேண்டிய அழுத்தத்தையும் சேர்க்க வேண்டும்.

உராய்வைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. நிமிடத்துக்கு 20 லீற்றரை 30 மீற்றர் தூரத்துக்கு அரை அங்குலக் குழாயில் தள்ளினால், உராய்வு மட்டும் ஒன்பது மீற்றர் உயரத்தை விழுங்கிவிடும். அதே தண்ணீர் ஓர் அங்குலக் குழாயில் ஒரு மீற்றரைக்கூட இழக்காது. விட்டம் பாதியானால் உராய்வு முப்பது மடங்கை ஒட்டிப் பெருகும் என்பது நீரியலின் பழைய பாடம். குழாயில் மிச்சம் பிடித்த காசை ஒவ்வொரு நாளும் மின்சாரமாகக் கட்ட வேண்டியிருக்கும். மோட்டர்ப் பெட்டியின் மேல் "எச் மேக்ஸ் 30, கியூ மேக்ஸ் 35" என்று எழுதியிருப்பதையும் சரியாக வாசிக்க வேண்டும். முப்பது மீற்றர் உயரத்தில் நிமிடத்துக்கு 35 லீற்றர் வரும் என்று அதற்குப் பொருளில்லை. முப்பது மீற்றரில் ஒரு சொட்டும் வராது. 35 லீற்றர் வருவது உயரமே இல்லாதபோது. நம்முடைய உயரம் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்காவது, அதிகபட்சத்தின் பாதிக்குச் சற்று மேலே கீழே, விழும்படி பார்த்து வாங்க வேண்டும். பன்னிரண்டு பதினைந்து மீற்றருக்கு அரை எச்பி தாராளம். ஒரு எச்பி வாங்கினால் குழாய் மூட்டுகள்தான் முதலில் சொல்லும்.

உறிஞ்சும் பக்கத்துக்கு இன்னொரு விதி உண்டு. அதையும் மலை மாற்றிவிடுகிறது. பம்பு தண்ணீரை இழுப்பதில்லை. அது குழாய்க்குள் காற்றைக் குறைக்க, வெளியே உள்ள வளிமண்டலம் தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. கடல்மட்டத்தில் அந்தத் தள்ளல் தண்ணீரைத் தூக்கக்கூடிய உச்சம் 10.3 மீற்றர். ஆயிரம் மீற்றர் உயரத்தில் அது ஒன்பதுக்குச் சற்று மேலே இறங்கிவிடும். நடைமுறையில் ஆறு மீற்றரைத் தாண்டி நம்பக்கூடாது. ஆகையால் மோட்டரைத் தோட்டத்து மேட்டில் வைத்துக் கீழே உள்ள தாங்கியிலிருந்து இழுக்கப் பார்ப்பது வீண் வேலை. மோட்டர் தாங்கிக்குப் பக்கத்தில், முடிந்தால் தாங்கியின் நீர்மட்டத்துக்கும் கீழே, மழை படாத கூரையோடு இருக்க வேண்டும். தள்ளுவதற்கு அதற்குத் தெம்பு உண்டு.

பூனாகலைப் பக்கத்து வீடொன்றில் ஒரு மாலை. கொழுந்து நிறுத்துவிட்டு வந்த பெண் சுவிட்சைப் போட்டார். மோட்டர் இரைந்தது, மேலே குழாய் முனையில் காற்றுகூட வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டார். "அண்ணே, மோட்டர் சுத்துது, தண்ணி ஏற மாட்டேங்குது." அவர் வந்தார், முதலில் சுவிட்சை அணைத்தார். "தண்ணியில்லாம ஓட விடாத தங்கச்சி, சீல் எரிஞ்சிரும்." பிறகு உறிஞ்சு குழாயைத் தாங்கியிலிருந்து மெல்ல உருவினார். அதன் அடியில் விரல் நீளப் பித்தளை வால்வு. அதைச் சுற்றி ஒரு சல்லடை. சல்லடையின் ஓட்டை வழியாக நுழைந்த ஒரு காய்ந்த இலைக்காம்பு, வால்வின் நாக்குக்கு அடியில் குறுக்கே கிடந்தது. அவ்வளவுதான் குற்றம். அந்த நூலிடைவெளி வழியாக இரவெல்லாம் குழாய்த் தண்ணீர் தாங்கிக்குத் திரும்ப இறங்கிவிட்டது. காம்பை எடுத்துவிட்டு, சல்லடைக்கு மேலே பழைய நைலோன் வலையைச் சுற்றிக் கட்டினார். மோட்டரின் தலையில் உள்ள திருகாணியைக் கழற்றி, ஒரு சொம்புத் தண்ணீரை நிதானமாக ஊற்றினார். குமிழி வருவது நின்று, விளிம்புவரை தண்ணீர் அசையாமல் நிற்கும்வரை பொறுத்திருந்து மூடினார். "இப்ப போடு." குழாய் இரண்டு தரம் இருமியது; மேலே பாத்தியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. ஒரு தொழில்நுட்பக் கல்லூரியில் ஒரு வாரம் நடத்தக்கூடிய பாடம் பத்து நிமிடத்தில் முடிந்தது. இந்த அறிவு தோட்டங்களில் இருக்கிறது. அதை அறிவென்று எழுதிவைப்பவர்கள்தான் இல்லை.

இணைப்பில் இன்னும் சில காரியங்கள் உண்டு. உறிஞ்சு குழாய் மோட்டரின் வாயைவிடச் சிறுத்திருக்கக்கூடாது. வழியில் மேடாக வளைந்தால் அந்த வளைவில் காற்று தங்கும். மோட்டருக்கு முன்னும் பின்னும் கழற்றக்கூடிய மூட்டு ஒன்று இருந்தால், பழுதுபார்க்கும் நாளில் குழாயை அறுக்க வேண்டியதில்லை. மேலேறும் குழாயில் திரும்பிவராத வால்வு ஒன்று அவசியம். தாங்கி வற்றினால் மோட்டரை நிறுத்தும் மிதவைச் சுவிட்ச், மோட்டரின் விலையோடு பார்த்தால் சிறு செலவு. தண்ணீரும் மின்சாரமும் ஒரே இடத்தில் சேர்வதால் 30 மில்லி அம்பியரில் விழுந்துவிடும் ட்ரிப் சுவிட்சும் நல்ல எர்த்தும் இல்லாமல் ஒருவரும் கைவைக்கக்கூடாது. மாலை ஆறு மணிக்கு எல்லா வீட்டிலும் விளக்கும் தொலைக்காட்சியும் ஓடும்போது கடைசிக் கம்பத்து வீட்டுக்கு மின்னழுத்தம் குறைந்துதான் வரும். அந்த நேரத்தில் மோட்டர் சூடேறும். காலையிலேயே ஏற்றிவிடுவது மோட்டருக்கும் நல்லது, செடிக்கும் நல்லது. செலவு அஞ்சத்தக்கதல்ல: 180 லீற்றரை ஏற்ற அரை எச்பி மோட்டருக்கு ஏழெட்டு நிமிடம் போதும், ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது.

மின்சாரமே நம்பகமில்லை என்றால், 2022 மார்ச் கடைசியில் நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம் விளக்கணைந்த நாட்களை நினைப்பவர்களுக்கு, 12 வோல்ட் சூரிய பம்பு இருக்கிறது. நிமிடத்துக்கு ஐந்து லீற்றர்தான் தரும். நாற்பத்தைந்து லீற்றருக்கு அது ஒன்பது நிமிட வேலை. ஓடை பக்கத்தில் இருந்தால் இன்னும் பழைய இயந்திரம் ஒன்று உண்டு. வெப்பக்காற்றுப் பலூனில் மனிதரைப் பறக்கவிட்ட மொங்கோல்ஃபியே சகோதரர்களில் மூத்தவரான ஜோசப், 1796-இல் பிரான்சில் செய்தது. ஓடும் நீரை ஒரு வால்வு சட்டென்று மறிக்க, அந்த அதிர்ச்சியில் ஒரு பங்கு நீர் மேலே எகிறும். மின்சாரமோ எண்ணெயோ வேண்டாம். மூன்று மீற்றர் இறங்கும் நிமிடத்துக்கு 30 லீற்றர் ஓடை நீரிலிருந்து, பதினெட்டு மீற்றர் உயரத்துக்கு நிமிடத்துக்கு மூன்று லீற்றர் ஏற்றிவிடலாம். இரவும் பகலும் ஓடினால் நாளுக்கு 4,000 லீற்றருக்கு மேல். சுமார் 220 மீற்றர் உயரத்திலிருந்து தியலும அருவி குதிக்கிற ஊரில் விழும் நீருக்குப் பஞ்சமில்லை. ஆனால் மூன்று லீற்றர் ஏறும்போது மற்ற 27 லீற்றரும் வெளியே கொட்டும். அது ஓடைக்கே திரும்பிப் போக வேண்டும்.

இப்போது மூன்றாவது கேள்விக்கு வந்துவிட்டோம்.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைக்கு மழையளவை வைத்திருக்கிறது. இருபத்துநான்கு மணி நேரத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பாக இரு. 100-ஐத் தாண்டினால் எச்சரிக்கை, புறப்பட ஆயத்தமாக இரு. 150-ஐத் தாண்டினால், அல்லது ஒரே மணி நேரத்தில் 75 பெய்தால், வெளியேறு. ஐம்பது சதுர மீற்றர்க் கூரையில் 100 மில்லிமீற்றர் என்றால் எத்தனை லீற்றர்? சரியாக 5,000. முப்பது வருடத்துக்கு முன் பதுளையில் கட்டிய தாங்கியின் அளவு. காலையில் வெறுமையாக இருந்த 5,000 லீற்றர்த் தாங்கி மறுநாள் காலைக்குள் நிரம்பி வழிந்தால், அந்த வீட்டுக்காரர் ஆயத்தமாகிவிட வேண்டிய மழை பெய்திருக்கிறது என்று அர்த்தம். ஆயிரம் லீற்றர்த் தாங்கி என்றால் 20 மில்லிமீற்றரிலேயே நிரம்பிவிடும். முற்றத்தில் ஒரு மழைமானி வைத்துப் பார்ப்பது இதைவிடத் துல்லியம், வைக்க வேண்டும். ஆனாலும் தாங்கியும் ஒரு மானிதான் என்பதை வீட்டிலுள்ள பிள்ளைக்கும் சொல்லி வைப்பது நல்லது.

மலை பெரும்பாலும் இறங்குகிற காலம் ஒக்டோபர், நவம்பர். அப்போது தாங்கி ஏற்கெனவே நிறைந்து நிற்கும். அதற்கு மேல் வருவதெல்லாம் வழியும். 150 மில்லிமீற்றர் பெய்யும் நாளில் ஒரு கூரையிலிருந்து 7,500 லீற்றர். 75 வீடுகள் உள்ள குடியிருப்பில் ஐந்தரை இலட்சம் லீற்றருக்கு மேல். கூரை இல்லாவிட்டாலும் அந்த மழை அந்த நிலத்தில் விழுந்திருக்கும் என்று சொல்லலாம். விழுந்திருக்கும், பரவலாக. கூரையும் பீலியும் தாங்கியும் செய்வது, ஐம்பது சதுர மீற்றரில் பரந்து விழவேண்டிய மழையை இரண்டு அங்குலக் குழாய் வாய் ஒன்றுக்குக் கொண்டுவருவது. அந்த வாய் வெட்டிய மண்ணணையின் விளிம்பில் திறந்து கிடந்தால், நாமே நம் கையால் மலைக்குள் தண்ணீர் ஊட்டுகிறோம்.

ஆகவே வழியும் நீரின் குழாயை முதலில் போட வேண்டும். உள்ளே வரும் குழாயைவிட அது சிறுத்திருக்கக்கூடாது. சீமெந்து பூசிய கானுக்கு அது போய்ச் சேர வேண்டும். கான் அடுத்த வீட்டின் பின்சுவரில் முடியாமல் ஓடைக்குப் போக வேண்டும். நிறைந்த 5,000 லீற்றர்த் தாங்கி ஐந்து தொன். அதை அணையின் விளிம்பில் வைக்காமல், மண்ணை நிரப்பிச் சமப்படுத்திய பக்கத்தில் வைக்காமல், வெட்டிய கெட்டித் தரையில் வைக்க வேண்டும். நிலத்துக்குள் புதைத்த தாங்கியில் விரிசல் விழுந்தால் வெளியே தெரியாது; சரிவில் அது வேண்டாம். மேட்டுக்குப் போகும் குழாயைப் புதைக்காமல் கண்ணுக்குத் தெரிய விடுவது நல்லது: நிமிடத்துக்கு ஒரு லீற்றர் கசியும் ஒரு மூட்டு, நாளுக்கு 1,440 லீற்றரை மண்ணுக்குள் விடும். தோட்டம் தாங்கிக்குக் கீழே உள்ள வீடுகளில் மோட்டர் வைத்திருந்தால் இன்னோர் ஆபத்து. மோட்டரை நிறுத்திய பிறகும் குழாய் தானாகவே இழுத்துக்கொண்டு தாங்கி வற்றும்வரை ஓடும். இரவில் யாரும் பார்க்காமல் ஆயிரக்கணக்கான லீற்றர் கீழ்வீட்டுக்காரரின் அணைக்குள் இறங்கிவிடலாம். ஒரு அடைப்பு வால்வு அதைத் தடுக்கும். சுவிட்சை அணைத்ததும் வால்வையும் மூடுவது பழக்கமாக வேண்டும்.

இதில் எதுவும் தோட்டத்து மக்களுக்குப் புதிதில்லை. சரிவுக்குக் குறுக்கே கான் வெட்டி, அதை நேர்க்கானில் சேர்த்து, மழையை மண் அரிக்காமல் இறக்கி ஓடைக்குக் கொண்டுபோன வேலை அவர்களுடைய பாட்டன் பூட்டன் செய்தது. தேயிலையைக் காக்க வெட்டிய கான்கள் லயங்களையும் காத்தன. கான் வெட்டுக்கு ஆள் குறைந்து, பழைய கான்கள் தூர்ந்து, காடு மூடிய இடங்களில் மழை தனக்கு வழி தேடுகிறது. தேயிலைக்கு மேலே கான் எடுக்கத் தெரிந்த கைகளுக்குத் தங்கள் வீட்டுக்கு மேலே கான் எடுக்க உரிமையும் கூலியும் கொடுத்தால் போதும்.

தண்ணீரைப் பற்றிய பெரிய முடிவுகள் இந்த மலையில் எப்போதும் வேறெங்கோ எடுக்கப்பட்டிருக்கின்றன. மீரியபெத்த சரிந்த அதே 2014-இன் டிசெம்பரில், உமா ஓயா நீர்மின் திட்டத்தின் சுரங்கத்துக்குள் மலையின் நிலத்தடி நீர் பீறிட்டது. பண்டாரவளைப் பக்கத்துக் கிணறுகள் வற்றின. வீடுகளில் விரிசல் விழுந்தது. அந்தத் திட்டம் 2024 ஏப்ரலில் திறக்கப்பட்டது. 120 மெகாவோட் மின்சாரம் வருகிறது. அந்த மின்சாரத்திலும் ஒரு துளி நம் அரை எச்பி மோட்டரைச் சுற்றலாம். ஆனால் கிணறு வற்றியவரைக் கேட்டு எந்தச் சுரங்கமும் தோண்டப்படவில்லை. லயத்திலிருந்தவரைக் கேட்டு எந்த லயமும் கட்டப்படவில்லை. 2023 மார்ச்சில் பூனாகலை, கபரகலைத் தோட்டத்தில் மலை மறுபடி இறங்கியது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலின் மழையில் பதுளை உட்பட மலையகமெங்கும் சரிவுகள் இறங்கின. ஒவ்வொரு முறையும் புதிய வீட்டுத் திட்டம் அறிவிக்கப்படுகிறது. அந்தத் திட்டங்களின் வரைபடத்தில் அறை இருக்கிறது, கதவு இருக்கிறது, கழிவறை இருக்கிறது. கூரைத் தண்ணீர் எங்கே போகும் என்ற கோடு இருக்கிறதா என்று கேட்க வேண்டும்.

கேட்க வேண்டியவை பெரியவையல்ல. வீட்டுக் காணியோடு அதன் உறுதிப்பத்திரமும் கையில் வரட்டும். தன் பெயரில் நிலம் உள்ளவர்தான் அதில் நிரந்தரமான தாங்கியும் கானும் கட்டுவார். ஆபத்து என்றால் விட்டுப்போகவும் திரும்பிவரவும் அவருக்கு ஓர் இடம் இருக்கும். ஒவ்வொரு வீட்டுக்கும் கூரைப்பீலியும் தாங்கித் தளமும் வீட்டோடு சேர்த்தே கட்டப்படட்டும். வழியும் நீரைக் கொண்டுபோகும் சீமெந்துக் கான், வீடுகளுக்குக் கூரை போடுமுன்பே முடியட்டும். வருடத்தில் ஒருமுறை, புரட்டாசியில், மழை தொடங்குமுன் கான் துப்புரவு செய்வது தோட்ட நிர்வாகத்தின் சம்பள நாளாக இருக்கட்டும். ஒவ்வொரு வரிசை வீட்டுக்கும் ஒரு மழைமானியும், 75, 100, 150 என்ற மூன்று எண்ணும் தமிழில் சுவரில் எழுதப்படட்டும்.

இவ்வளவும் ஆன பிறகு கடைக்குப் போகலாம். உயரத்தை அளந்து கையில் எழுதிக்கொண்டு போகும் பெண்ணுக்கு, "அரை எச்பியா, ஒரு எச்பியா?" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகாது.